டீச்சர் மேசைக் கம்ப்யூட்டர்

இன்று காலை என் திருப்பதிக் கடையில் ஒரு கேபினெட்டைத் திறந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ் ஒன்றின் கம்ப்யூட்டர். பத்து நிமிடம் ஓடினால் தானாக அணைந்துவிடுகிறதாம். ப்ராசஸரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி திரண்டிருந்தது. மேலே ஃபேன் நன்றாகத்தான் சுற்றுகிறது. காற்று உள்ளே இறங்கத்தான் வழியில்லை. பிரஷ்ஷால் தட்டினேன். சூடேறிய தூசியின் அந்த வாசனை வந்தது பார், அதோடு நீயும் வந்துவிட்டாய். "இத்த தொடைக்காம இன்னாடா பண்ணிக்கினு இருந்தானுங்க?" என்று நீ திட்டுவது அப்படியே காதில் விழுந்தது.

நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகப்போகிறது. உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. நீ மஸ்கட்டில் இருந்தவரை எல்லாவற்றையும் போனிலேயே பேசித் தீர்த்தோம், ஒன்றைத் தவிர.

சித்தூரில் நாம் சேர்ந்து கடை போட்டபோது தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்துக்கொண்டிருந்தது. படித்தவன் எல்லாம் ஹைதராபாத், பெங்களூர், அங்கிருந்து அமெரிக்கா என்று கிளம்பிக்கொண்டிருந்தான். நாம் மட்டும் சென்னைக்குப் போய் பாகங்களை வாங்கி, மதர்போர்டைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வருவோம். வாங்க வருகிறவர்கள் வேகம் எவ்வளவு என்று கேட்பார்கள். உனக்கோ சூட்டைப் பற்றித்தான் கவலை. சித்தூர் வெயிலில் மனுஷனே மயங்கி விழுகிறான், ப்ராசஸர் எம்மாத்திரம் என்பாய். "சூடு போறதுக்கு வழி வுட்டா போதும்டா, அது தானா பூடும்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்!

காலையில் நான் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றினால் உனக்குப் பொறுக்காது. பிடுங்கிக்கொண்டு போய், ஓடுகிற மிஷினின் பின்பக்கம் பிடித்து, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பாய். "உங்க சாமிய ரெண்டு நிமிஷம் வெயிட் பண்ணச் சொல்லு, மொதல்ல இதுக்குக் காத்து வருதான்னு பாக்கறேன்." ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் நீ. ஆனால் புது மிஷினை முதல் முறை ஆன் செய்வதற்கு முன் நான் கேபினெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதை ஒரு நாளும் தடுத்ததில்லை. "நீ பொட்டு வை, நான் ஜெபம் பண்ணிக்கறேன். யாரு கேட்டாலும் மிஷின் ஓடினா சரி" என்பாய்.

அப்படிப்பட்ட நீ ஒரே ஒருமுறை வேண்டாம் என்றாய். உங்கள் சபை நடத்திய பழைய மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பத்து மிஷின்கள். அதோடு கம்ப்யூட்டர் டீச்சர் வேலையும் உனக்கு வரும்போல இருந்தது. திறப்பு விழாவன்று முதல் பாடத்தை நீயே நடத்து, கமிட்டி பார்க்கட்டும் என்று கரஸ்பாண்டென்ட் சொல்லியிருந்தார். அண்ணன்கள் இருவரும் ஏற்கெனவே வெளிநாடு போய்விட்டார்கள். "நானும் பூட்டா அம்மாவ யாருடா பாத்துக்குவாங்க? இந்த வேலை மட்டும் கெடைச்சிட்டா நான் ஊர வுட்டு எங்கயும் போவ மாட்டேன்" என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாய். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாய்: "இந்தப் பத்துக்கும் பொட்டு வோணாம்டா. கமிட்டில பெரியவங்க இருக்காங்க, தப்பா எடுத்துக்குவாங்க."

ஒன்பது மிஷின்களுக்கு உன் பேச்சைக் கேட்டேன். பத்தாவது, டீச்சர் மேசைக்குப் போகிற மிஷின். அதன் முன்னால்தான் நீ நின்று பாடம் நடத்தவேண்டும். நீ சாப்பிடப் போயிருந்தாய். வெளியே வைத்தால்தானே தெரியும் என்று நினைத்தேன். ப்ராசஸரின் நெற்றியிலேயே ஒரு சந்தனப் பொட்டு வைத்து, அதன்மேல் சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பேஸ்ட்டைத் தடவி, ஹீட் சிங்க்கை வைத்து அழுத்தி கிளிப்பை மாட்டிவிட்டேன்.

சந்தனம் ஈரமாக இருந்தவரை மிஷின் ஓடியது. விழாவுக்குள் காய்ந்து, அரிசிக் குருணை மாதிரி இறுகிவிட்டது. ஹீட் சிங்க் சமமாக உட்காரவில்லை. ஒரு காகிதம் நுழையும் இடைவெளி இருந்தால் போதுமே, சூடு மேலே ஏறாது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். அன்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கமிட்டிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க நீ பாடத்தை ஆரம்பித்தாய். ஏழெட்டு நிமிடத்தில் திரை அப்படியே நின்றது. திரும்ப ஆன் செய்தாய், திரும்ப நின்றது. "ஏமய்யா, புது மிஷினே இப்படியா?" என்றார் கரஸ்பாண்டென்ட். நீ அங்கேயே ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தாய். ஹீட் சிங்க்கைத் தூக்கினாய். பக்கத்தில் நின்ற எனக்கு அந்தச் சந்தன மஞ்சள் தெரிந்தது. நீ கட்டை விரலால் அதை மூடிக்கொண்டாய். கர்ச்சீப்பை எடுத்து மெதுவாகச் சுரண்டித் துடைத்தாய்.

"மிஸ்டேக் என்னுது சார். பேஸ்ட் வெக்க மறந்துட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன சொல்ல? பேஸ்ட் வைக்க மறந்தவனைக் கமிட்டிக்குப் பிடிக்கவில்லை. வேலை வேலூரிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று.

அன்று சாயங்காலம் கடையில் நீ சண்டை போடுவாய் என்று காத்திருந்தேன். நீ சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து, அடுத்த மிஷினின் கேபினெட்டுக்குள்ளே, கதவின் உள்பக்க மூலையைத் தொட்டுக் காட்டினாய். "உள்ளதான் வெக்கணும்னா இங்க வை. இங்க சூடு வராது." அதோடு சரி. ஏன் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு மாதத்தில் மஸ்கட்டுக்கு விமானம் ஏறினாய். இரண்டு வருடம் கழித்து உன் அம்மா இறந்தபோது, அடக்கம் முடிந்த மறுநாள்தான் உன்னால் வந்து சேர முடிந்தது. ஈரம் காயாத மண்ணில் நீ முட்டிபோட்டு உட்கார்ந்திருந்ததைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றாவது உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

போன வாரம் உன் மனைவியைப் பார்க்கச் சித்தூர் போனேன். பழைய கதை பேசும்போது தங்கச்சி சிரித்துக்கொண்டே சொன்னது: "பேஸ்ட் வெக்க மறந்துதான் ஸ்கூல் வேலைய கோட்ட வுட்டேன்னு சொல்லிக்கினே இருப்பாருண்ணா."

கட்டிய மனைவியிடமும் நீ அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறாய். என்னால் அதற்குமேல் முடியவில்லை. பொட்டு, அது காய்ந்தது, நீ விரலால் மூடியது, எல்லாவற்றையும் சொன்னேன். கோபித்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

"வோணாம்னு அவரு அத்தனை தூரம் சொல்லியும், அந்த ஒண்ணுக்கு மட்டும் ஏண்ணா திருட்டுத்தனமா வெச்சீங்க?"

"அந்த வேலை அவனுக்கே கெடைக்கணும்னு வேண்டிக்கினு வெச்சேம்மா."

அது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது.

இத்தனை வருடமும் உன் மௌனத்தைக் கோபம் என்றே நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கேட்டால் நான் இந்தப் பதிலைத்தான் சொல்வேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லிவிட்டு நான் தாங்கமாட்டேன் என்பதும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் நீ கடைசிவரை கேட்கவே இல்லை.