டார்ச் வெளிச்சம்

14.7.1998, செவ்வாய்

புதுப்பட்டினம் மீன் வியாபாரி மாரிக்குத் தொண்டையில் புற்று. எங்கள் மருத்துவமனையில் கோபால்ட் கதிர் சிகிச்சை; நோயாளிகள் பேச்சில் 'கரண்டு வைப்பது'. இன்று அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், கரண்டு வெச்சதிலேர்ந்து இவருக்குத் தனித் தட்டு, தனிக் கட்டிலு. புள்ளைங்களை அண்டவே வுடல. உடம்புல கதிரு தங்கிக்கினு கீதாமே?"

பாடம் எடுத்துவிட்டேன். "கதிர் உள்ளே போறப்பவே கட்டியோட உயிரணுக்களை அடிச்சுடும். மெஷினை நிறுத்தினா ஒண்ணும் தங்காதும்மா. டார்ச்சை அணைச்சா சுவத்துல வெளிச்சம் ஒட்டிக்கிட்டா இருக்கு? தங்கும்னு யார் சொன்னது?"

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். மாரி மின்விசிறியைப் பார்த்தார்.

"அப்ப இன்னிக்கு ரெண்டு வாலும் உன் பக்கத்துலதான்யா படுக்கும்!"

போகும்போது மாரி முணுமுணுத்தார். "இன்னா சார், நிம்மதியா தூங்கிகினு இருந்தேன்."

வீட்டில் மனைவியிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். கமலா சிரிக்கவில்லை. கதிர் அறையில் வேலை பார்ப்பவன் என்று, குழந்தை பிறந்ததிலிருந்து என்னைக் கூடத்தில்தான் படுக்க விட்டிருந்தாள்.

"அப்போ உங்க மேலயும் ஒண்ணும் ஒட்டலை?"

"ஒண்ணும் ஒட்டாது" என்றேன், பெருமையாக.

குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு கையால்தான் எழுதுகிறேன்; மறு கையில் மகன். நாளை மாரியைப் பார்த்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதோ, மறுபடி வீறிட ஆரம்பித்துவிட்டான்.