தூக்குத் தேதிக்கு முன் அந்தக் குழாயைத் தோண்டுங்கள்

அனுப்புநர்
சலவைப் பிரிவுப் பணியாளர்,
அரசு மருத்துவமனை.
(வீடு: தண்ணீர்த் தொட்டித் தெரு, கடைசி வீடு)

பெறுநர்
உயர்திரு உள்துறைச் செயலாளர் அவர்கள்,
தலைமைச் செயலகம்.

நகல்: தலைவர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

பொருள்: வரும் 17ஆம் தேதி தூக்கிலிடப்படவுள்ள ஆலைத் தொழிலாளியின் தண்டனையை நிறுத்திவைக்கவும், அவர் காட்டும் இடத்தில் புதைகுழாயைத் தோண்டி எடுக்கவும், அதுவரை ஆலையைத் திறக்க அனுமதிக்காதிருக்கவும் கோருவது தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய ஐந்து மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முலாம் பூசும் ஆலையின் கழிவு கலந்த நீரைக் குடித்து எங்கள் தெருவில் இறந்த ஆறு பேரில் மூன்றாவதாக இறந்தவள் என் மகள். வயது பத்தொன்பது. நகல் எடுக்கும் கடையில் வேலை பார்த்தாள். ஓயாமல் பேசுவாள் என்பதால் கடையில் அவளை 'வானொலி' என்று கூப்பிடுவார்கள். வீட்டில் நானும் அவளும்தான். இப்போது நான் மட்டும்.

2. மருத்துவமனையில் குடிநீர் தனி. துணி வெளுக்க மட்டும் எங்கள் தெருத் தொட்டியின் நீர் வரும். சம்பவத்தன்று காலை எவ்வளவு சோப்புத்தூள் போட்டும் நுரை கட்டவில்லை. மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை வேறு. மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "தொட்டி கழுவியிருப்பாங்க, விடும்மா. துணி மலையாட்டம் கிடக்கு" என்றார். நானும் விட்டுவிட்டேன். வீட்டுக்கு ஒரு போன் போட்டு, தண்ணீரைத் தொடாதே என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள் வெயிலுக்கு இரண்டு டம்ளர் குடித்திருக்கிறாள். நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே தூக்கி வந்தார்கள். எனக்குத் தகவல் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. இதை நான் நீதிமன்றத்தில் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. தங்களிடம் சொல்கிறேன்.

3. கழிவைத் திறந்துவிட்டவர் ஆலையில் குழாய் வேலை பார்த்தவர். ஆலையிலும் தெருவிலும் அவருக்குக் 'குழாய்க்காரர்' என்றே பெயர். வால்வைத் திறந்ததை அவர் மறுக்கவில்லை. மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதால் திறந்தேன் என்றார். சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகாமல் நேரே கால்வாய்க் கரைக்குப் போகும் குழாய் ஒன்று பல வருடங்களாக மண்ணுக்கடியில் இருக்கிறது என்றும், எங்கள் தெருத் தொட்டிக்கு நீர் ஏற்றும் கிணறு அதன் பக்கத்தில்தான் இருக்கிறது என்றும் சொன்னார். அப்படி ஒரு குழாயே கிடையாது, வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள் என்ற ஆத்திரத்தில் கழிவை லாரியில் ஏற்றிக் கிணற்றருகே கொட்டினார் என்றது ஆலைத் தரப்பு. எழுத்தில் உத்தரவு இல்லாததால் மேலாளர் விடுதலையானார். குழாய்க்காரருக்குத் தூக்கு. தீர்ப்பைக் கேட்டு எழுந்து நின்று கை தட்டியவள் நான். காவலர் ஒருவர் வந்து என்னை உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

4. அதன் பிறகும் ஆத்திரம் அடங்காமல், அவரை முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றே சிறையில் பார்க்க அனுமதி வாங்கினேன். கேட்கவும் கேட்டேன். கம்பிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்தபடி முழுவதையும் வாங்கிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. "என் மேல உள்ள கோவம் அப்படியே இருக்கட்டும்மா. கழிவு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் தொறந்தேன். ஆனா அந்தக் குழாயைத் தோண்டிடச் சொல்லுங்க. ஆலையைத் தொறந்தாங்கன்னா மறுபடியும் வேற ஒருத்தன் தொறப்பான்" என்றார். எடைமேடைக்கு அடியில் புறப்பட்டு, மூன்றாம் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் பின்னால் வளைந்து, கால்வாய் மதகிலிருந்து பதினேழு தப்படி தள்ளிக் கரையில் முடிகிறது என்று விரலால் மேசையில் கோடு போட்டுக் காட்டினார். அதைப் பதித்தபோது கூட இருந்த வெல்டர் இறந்துவிட்டாராம். உள்ளே எங்கெங்கே வளைகிறது என்று தெரிந்தவர் இனி அவர் ஒருவர்தான்.

5. உடனே தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முகப்பில் இருந்த எழுத்தர் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தூக்கு விஷயம் இங்க. தண்ணி விஷயம் எதிர் கட்டடம். ரெண்டையும் ஒரே பேப்பர்ல எழுதினா நான் எந்த ஃபைல்ல வைக்கிறது?" என்று கேட்டார். இரண்டாகப் பிரித்து எழுதிக் கொடுத்தேன். தூக்கு மனுவுக்கு, குழாய் பற்றி வாரியம் முடிவு சொன்ன பிறகே பரிசீலிக்க இயலும் என்று பதில் வந்தது. குழாய் மனுவுக்கு, தண்டனைக் கைதியின் கூற்றை ஏற்பதற்கில்லை என்று பதில் வந்தது. மீண்டும் எழுதினேன். வாரியத்தின் ஆய்வாளர் ஒருவர் ஆலைக்குப் போனார். மேலாளர் அறையில் தேநீர் குடித்தார். பிறகு, "புதைக்கப்பட்ட குழாய் எதுவும் கண்ணுக்குத் தென்படவில்லை" என்று அறிக்கை கொடுத்தார். புதைத்தது எப்படி ஐயா கண்ணுக்குத் தென்படும்? அந்த அறிக்கையின் பேரில்தான் அடுத்த மாதம் முதல் தேதி ஆலையைத் திறக்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

6. ஆகவே சென்ற ஞாயிறு காலை, இறந்தவர்களின் வீட்டார் ஒன்பது பேர் மண்வெட்டியோடு கால்வாய்க் கரைக்குப் போனோம். அது பொது இடம். ஆலைச் சுவருக்கு வெளியே. மனைவியைப் பறிகொடுத்த முடிதிருத்துபவர்தான் மதகிலிருந்து பதினேழு தப்படி எண்ணினார். முழங்கை ஆழத்தில் மண்வெட்டி இரும்பில் இடித்தது. குழாயின் வாய் ஒரு சாண் அகலம். ஆலை மூடி ஒரு வருடத்துக்கு மேலாகியும் உள்ளே பச்சை நிறத்தில் ஈரம் இருந்தது. அந்த வாடையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முடிதிருத்துபவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "அவன் பொய் சொல்லல" என்றார். காவல் நிலையத்துக்கு நாங்களே தகவல் கொடுத்தோம். வந்தவர்கள், பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக எங்கள் ஒன்பது பேர் மேலும் வழக்குப் பதிந்தார்கள். மறுநாள் மதியத்துக்குள் அந்த வாயை யாரோ கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டார்கள். கரை பலப்படுத்தும் பணி என்று பலகை வைத்திருக்கிறார்கள். நாங்கள் எடுத்த புகைப்படங்கள் பதினொன்றை இணைத்துள்ளேன்.

7. நான் அவரை மன்னித்துவிட்டதாகத் தாங்கள் எண்ண வேண்டாம். தெரிந்தே திறந்தவர் அவர். ஆயுள் முழுக்கச் சிறையில் இருக்கட்டும். எங்களில் எல்லோருக்கும் ஒரே மனதும் இல்லை. முடிதிருத்துபவர் குழாயைத் தோண்டக் கோரும் பக்கத்தில் மட்டும் கையெழுத்திட்டார். தூக்கை நிறுத்தக் கோரும் பக்கத்தை என்னிடமே திருப்பித் தந்து, "இது மட்டும் என்னால முடியாதுக்கா" என்றார். நான் வற்புறுத்தவில்லை. போன வருடம் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அரசு வெளியிட்ட செய்திக்குறிப்பில், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நீதி வழங்கும் பொருட்டு தண்டனை நிறைவேற்றப்படுகிறது என்று உள்ளது. அந்தக் குடும்பங்களில் ஒன்று நான். என்னை யாரும் கேட்கவில்லை. திறக்கச் சொன்னவரும் குழாயைப் புதைக்கச் சொன்னவரும் ஆய்வறிக்கையில் கையொப்பமிட்டவரும் வீட்டில் இருக்க, திறந்த ஒருவரை மட்டும் கொன்றுவிட்டு அதை என் மகளின் பெயரில் எழுதுவதற்கு எனக்குச் சம்மதமில்லை. அவர் செத்த மறுநிமிடம் இந்தக் குழாயைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்காது. பதினான்கு நாள் கழித்து ஆலை திறக்கும்.

8. எனவே, தண்டனையைத் தாங்கள் நிறுத்திவைக்க வேண்டும். குழாய்க்காரரைக் காவலுடன் ஆலைக்கு அழைத்து வந்து, எடைமேடையிலிருந்து கரைவரை அவர் காட்டும் வழியில், எங்கள் முன்னிலையில், பகல் வெளிச்சத்தில் தோண்ட வேண்டும். கிணற்று நீரை வெளியூர் ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். மேலாளர் மீதான வழக்கை மறுபடி எடுக்க வேண்டும். அதுவரை ஆலையின் கதவு மூடியே இருக்க வேண்டும்.

9. என் ஐந்து மனுக்களுக்கும் வந்த பதில்களின் கடைசி வரி ஒன்றே: "தங்கள் மனு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது." இம்முறை அந்த வரியை எழுத வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தண்டனையை நிறுத்தும் கையெழுத்து தங்களுடையது. உரிய பிரிவு தாங்கள்தான், ஐயா. பதினேழாம் தேதிக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. தோண்டுவதற்கு ஒரு நாள் போதும்.

நாள்: 4ஆம் தேதி, வெள்ளிக்கிழமை
இடம்: தண்ணீர்த் தொட்டித் தெரு

தங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
இறந்த ஆறு பேரில் மூன்றாமவளின் தாய்

இணைப்பு: புகைப்படங்கள் 11, தூக்கை நிறுத்தக் கோரி நான்கு குடும்பங்களின் கையெழுத்து, குழாயைத் தோண்டக் கோரி ஆறு குடும்பங்களின் கையெழுத்து.