நீங்கள் படத்தை நிறுத்திய இடம்

அக்கா,

ரீ.வி. றிமோற்றுக்குப் பற்றறி மாற்றலாம் என்று கையில் எடுத்தேன். படத்தை நிறுத்துகிற பொத்தானில் உங்கள் ஒட்டுப்பொட்டு அப்படியே இருக்கிறது. சிவப்பு வெளிறி, ஓரம் கொஞ்சம் சுருண்டுவிட்டது. லைற்றை அணைத்த பிறகு பொத்தானைத் தடவித் தடவிச் சலித்துப்போய், நெற்றியில் இருந்ததைக் கிள்ளி எடுத்து ஒட்டினீர்களே, அதுதான். பிறகு கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டி, வேறு பொட்டொன்று கண்டுபிடித்து நெற்றியில் வைக்கும்வரை அத்தனை பேரையும் காக்க வைத்தீர்கள். வெறும் நெற்றியோடு உங்களைக் கண்டவர் யாரும் இல்லை.

பற்றறியை மாற்றாமலே றிமோற்றை மேசையில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

டோர்செட் பார்க்கில் நம் கட்டடத்தின் பார்ட்டி றூம், பெப்ரவரிக் குளிர், வெளியே உப்புத் தூவிய நடைபாதை. கறுப்பின மக்களின் வரலாற்று மாதம் என்று லைபிரரி வாசலில் வைத்திருந்த படங்களில் ஒன்றை நான் சும்மா எடுத்து வந்தேன். உரிமை கேட்டுப் போராடி, கடைசியில் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு கறுப்பினத் தலைவரின் வாழ்க்கைப் படம். "எங்கடை கிழடுகளுக்கு இங்கிலிஷ் விளங்காது, ஆர் பாக்கிறது?" என்றேன். "விளங்காட்டி நான் சொல்லுறன். அவங்கள் பட்டது எங்கடை சனத்துக்கு விளங்காட்டி வேறை ஆருக்கு விளங்கும்?" என்றீர்கள்.

அப்படித்தான் தொடங்கியது அந்த வழக்கம். நீங்கள் ரீ.வி.க்குப் பக்கத்தில் நிற்பீர்கள். கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துவீர்கள், நடந்ததைத் தமிழில் சொல்வீர்கள், பிறகு ஓடவிடுவீர்கள். இடையில் பிளேன்ரீ, வடை, யாருக்காவது மூட்டுவலி. ஒரு படம் முடிய மத்தியானம் முழுக்கப் போய்விடும். உங்கள் வாயில் அந்தத் தலைவரும் மனைவியும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைத்தார்கள். "இஞ்சரப்பா, கவனமாப் போட்டு வாங்கோ" என்று அந்த அம்மா சொல்ல, முன்வரிசை அன்ரிமார் கண்ணைத் துடைப்பார்கள்.

தேநீர்க்கடையில் அவருக்கு ஒரு கோப்பை காப்பிகூடக் கொடுக்காமல் விரட்டுகிற காட்சி வந்தபோது பின்னாலிருந்து ஒரு அங்கிள் மெல்லச் சொன்னார்: "எங்கடை ஊர்த் தேத்தண்ணிக் கடையளிலையும் எங்கடை சாதிக்குக் குடிக்க வேறை பேணிதானே வைச்சிருந்தவை." யாரோ அவசரமாக, "உந்தப் பழங்கதை இப்ப என்னத்துக்கு, படத்தைப் போடுங்கோ" என்றார்கள். நீங்கள் போடவில்லை. "அங்கிள் கதைச்சு முடிக்கட்டும். உதைக் கேக்க ஏலாதெண்டால் இந்தப் படத்தைப் பாத்து அழுறதிலை என்ன கிடக்கு?" என்றீர்கள். அவர் பேசி முடிக்கும்வரை உங்கள் விரல் அந்தப் பொட்டின் மேலேயே இருந்தது.

ஒன்றையும் மூடி மறைக்க விடாத நீங்கள், முடிவை மட்டும் ஒருவருக்கும் காட்டவில்லை. அவர் கூட்டத்துக்குப் புறப்படுகிறார். வாசலில் மனைவி அவருடைய சேர்ட் கொலரைச் சரிசெய்கிறாள். அவர் படியிறங்குகிறார். அவ்வளவுதான், நிறுத்திவிடுவீர்கள். "இவ்வளவும் காணும். ரீ ஆறுது, குடியுங்கோ." அடுத்த வருடமும் அதே இடம். ஏனென்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். ஊரில், காணி பறிபோன சனத்துக்காகக் கதைக்கப் போகிறேன் என்று உங்கள் கணவர் வெளிக்கிட்டதும், நீங்கள் அயர்ன் பண்ணிக் கொடுத்த சேர்ட்டோடு படலையைத் தாண்டியதும், பிறகு ஒரு தகவலும் இல்லாததும் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மேல்மாடி மிஸ் பேர்லுக்கு மட்டும் தெரியாது. ஜமேக்காவிலிருந்து வந்த அந்த அம்மா, தன் ஆட்களின் படத்தைத் தமிழர் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு வருடம் தொப்பியும் வைத்துக்கொண்டு வந்திருந்தார். நீங்கள் நிறுத்தியதும் எழுந்துவிட்டார். "ஏன் நிறுத்தினாய்? அவர் செத்தது உலகத்துக்கே தெரியுமே!" உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னீர்கள்: "தமிழில் அவர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்." மிஸ் பேர்ல் அசையவில்லை. "அந்த மனிதனை வாசலில் விட்டுவிட்டுப் போக முடியாது. அவரைக் கொன்றார்கள். நாங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்ப் புதைத்தோம். அதுவும் எங்கள் கதைதான்" என்றார்.

நீங்கள் திரையில் படியிறங்கியபடி நின்றவரைப் பார்த்தீர்கள். பிறகு பொட்டை அழுத்தினீர்கள்.

அன்றைக்குத்தான் முழுதும் சொன்னீர்கள். வெடிச்சத்தத்தைச் சொன்னீர்கள், ஆஸ்பத்திரியைச் சொன்னீர்கள், குரல் உடையாமல் சொன்னீர்கள். சவப்பெட்டி தெருவில் போக, சனம் பின்னால் நடந்தது. நம் சனம் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். நம் கூட்டங்களில் இறந்தவர்களுக்கு அகவணக்கம் செலுத்த எழும்பிப் பழகிய கால்கள். யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. மிஸ் பேர்லும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

எல்லோரும் போன பிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னீர்கள்: "அந்த மனிசிக்கு ஒரு பெட்டி கிடைச்சுது பாத்தீரோ. கையாலை தொட்டுப் பாத்திட்டுத்தான் கறுப்பு உடுத்தினவா. மிஸ் பேர்ல் சொன்னது சரி, அவருக்குச் செத்தவீடு செய்யத்தான் வேணும். எனக்கு ஆர் என்னத்தைத் தந்தவை? நான் எதைப் பாத்துப் பொட்டை அழிக்கிறது?" நீங்கள் கழுவிய கோப்பையை வாங்கித் துடைத்தேன்.

நீங்கள் கண்மூடிய அன்று விட்பியிலிருந்து உங்கள் மகள் போன் எடுத்தாள். மரண அறிவித்தல் எழுதவேண்டும். "அன்ரி, எல்லாற்றை நோட்டிஸிலையும் காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவி எண்டுதானே போடுறவை. அப்பான்ரை பேருக்கு முன்னாலை அதைப் போடட்டோ? போடாட்டி ஆக்கள் கேப்பினம். எனக்கும் இதுக்கொரு முடிவு, ஒரு குளோஷர் வேணும் அன்ரி. நான் அப்பான்ரை முகத்தைப் போட்டோவிலைதான் பாத்தனான்."

அவள் கேட்டதில் பிழையில்லை, அக்கா. பிறந்த நாளிலிருந்து உங்களோடு சேர்ந்து அவளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள்தானே. போடு என்றோ வேண்டாம் என்றோ சொல்ல நான் யார்? அந்த மத்தியானத்தை மட்டும் சொன்னேன். மிஸ் பேர்ல் சொன்னதையும், நீங்கள் கோப்பை கழுவியபடி சொன்னதையும். மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி அன்ரி" என்று வைத்துவிட்டாள்.

அறிவித்தல் வந்தது. அவர் பெயர் இருந்தது. முன்னால் 'காலஞ்சென்ற' என்ற சொல் இல்லை.

அதனால் என்ன நடந்தது தெரியுமா? உங்களைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்துக்கு மொன்றியலிலிருந்து ஒரு வயசாளி பஸ் பிடித்து வந்திருந்தார். ஊரில் உங்கள் கணவரோடு கூட்டங்களுக்குத் திரிந்தவராம். உங்களுக்கு முன்னால் கைகூப்பி நின்றுவிட்டுத் திரும்பியவரின் முகத்தில் செத்தவீட்டில் பார்க்கக்கூடாத ஒரு சந்தோசம். கதிரை கதிரையாகத் தேடிக்கொண்டே மகளிடம் வந்தார்.

"பிள்ளை, அப்பா எங்கை? மனிசன் உயிரோடை இருக்கிறார் எண்டு நோட்டிஸைப் பாத்துத்தான் எனக்குத் தெரியும். இவ்வளவு காலமும் நான் செத்துப் போனார் எண்டெல்லோ நினைச்சிருந்தனான்!"

இந்தப் பிள்ளையை இந்த நிலைமையில் கொண்டுவந்து நிறுத்தியது என் வாய்தானே என்று நினைத்தேன். இடையில் புகுந்து ஏதாவது சொல்லலாம் என்று எழுந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் உங்கள் முகத்தைப் பார்த்தாள். சிவப்புப் பொட்டு; அவளே வைத்துவிட்டது. அந்தக் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா இன்னும் வரேல்லை அங்கிள்."

அந்த மனிதருக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் அங்கேயே கதிரையில் இருந்துவிட்டார். அவள் பக்கத்தில் இருந்து அவர் முதுகைத் தடவினாள்.

நேற்று லிஃப்ற்றில் மிஸ் பேர்ல் கேட்டார், பெப்ரவரி வருகிறதே, இந்த முறை கதை சொல்லப்போவது யார் என்று. நான்தான் என்றேன். உங்களைப்போலச் சொல்ல எனக்கு வராது. அன்ரிமார் நக்கலடிப்பார்கள், அடிக்கட்டும். கடைசிவரை ஓடவிடுவேன். பெட்டி போகும்போது எழுந்து நிற்போம். ஆனால் அந்த வாசலில், மனைவி அவர் கொலரைச் சரிசெய்கிற இடத்தில், ஒரு தரம் நிறுத்துவேன். இருட்டில் என் விரலுக்கும் உங்கள் பொட்டு தட்டுப்படும், அக்கா.