துரை ஒரு பக்கமா மெதந்தப்போ

என் கண்ணு மல்லிகாவுக்கு,

துரைக்கு உடம்பு சரியில்லாம போயிடுச்சுடி. பதறாதே. எல்லாத்தையும் வரிசையா சொல்றேன். நடுவுல பூந்து "அப்புறம் இன்னா, அப்புறம் இன்னா"ன்னு பிடுங்காம கேளு. உசுரோட இருந்தவரைக்கும் ஒரு கதையை முழுசா சொல்ல விட்டிருக்கியா நீ? இப்பவாச்சும் விடு.

இதைப் படிக்கிற மத்தவங்க துரைன்னா யாரோ பெரிய ஆபீசருன்னு நெனச்சுக்கப் போறாங்க. துரைங்கிறது நம்ம ஆமை. கள்ளக்குறிச்சியில உன் வூட்டு முன்ரூம்ல நாம ரெண்டு பேரும் சேர்ந்து நடத்தின தையக் கடையில, ஜன்னலோரம் தொட்டியில கெடந்த தண்ணி ஆமை. காதோரம் செவப்புக் கோடு போட்ட பச்சை ஆமை.

அதை வாங்கியாந்த நாள் நெனப்பிருக்கா? லைனிங் துணி எடுக்கப் போனவ, துணியை மறந்துட்டு பிளாஸ்டிக் கவர்ல ஆமையோட வந்து நின்னே. அப்போ அது ஒரு ரூபாக் காசு அளவுதான் இருந்துது. "இதுக்கு மேல வளரவே வளராதுன்னு கலர் மீன் விக்கிற கடைக்காரரு சத்தியம் பண்ணாருடி"ன்னு சொன்னே. நல்லா சத்தியம் பண்ணாரு, மகராசன்! டப்பாவுல இருந்து டப்புக்கு, டப்புலேர்ந்து தொட்டிக்குன்னு மாத்தி மாத்தி, கடைசியில சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்து நின்னுது.

நாம ரெண்டு பேரும் மிஷின்ல குனிஞ்சு முதுகு ஒடியத் தச்சுகினு இருப்போம். அது கல்லு மேல ஏறி, பல்பு வெளிச்சத்துல நாலு காலையும் நீட்டிகினு படுத்திருக்கும். "பாருடி, துரை மாதிரி படுத்துகினு நம்மளை வேலை வாங்குது"ன்னு நீதான் சொன்னே. பேரு அப்படியே ஒட்டிகிச்சு. காலையில மிஷினுக்குப் பொட்டு வச்சதும் தொட்டிக்கிட்ட போய் "துரை, கடை தொறக்கலாமுங்களா?"ன்னு கேட்டுட்டுதான் பெடலை மிதிப்பே. அந்தக் குரல் இல்லாம இப்ப கடை மவுனமா கெடக்குதுடி.

மணலூர்பேட்டையிலேர்ந்து கல்யாணப் பொண்ணுக்கு ஜாக்கெட் தைக்கக் குடுக்க வந்த அம்மா கேட்டாங்களே, "ஐயய்ய, ஆமையா? வூட்டுக்கு ஆவாதேம்மா"ன்னு. நீ நிமிர்ந்துகூடப் பாக்காம, "அது வூட்ல இல்லீங்க, கடையில இருக்குது. கடைக்கு ஆவும்"னே. அந்தம்மா யோசிச்சுப் பார்த்துட்டு, இன்னும் ரெண்டு துணியைச் சேர்த்து வச்சுட்டுப் போனாங்க. நான் அடக்க முடியாம சிரிச்சு, ஊசியைக் கையில குத்திகிட்டேன்.

அப்புறம் அந்தக் கல்வராயன் மலைப் பயணம். வருஷமெல்லாம் சன்னல்லேர்ந்து மலையைப் பார்த்துகினு இருக்கோம், ஒரு வாட்டி ஏறிப் பாக்கலாம்னு வெள்ளிமலை பஸ்ஸைப் பிடிச்சோம். ஒவ்வொரு வளைவுலயும் நான் வாந்தி எடுத்தேன், நீ எலுமிச்சங்காயை மோந்து பாக்கக் குடுத்துகினே சிரிச்சே. ஓடையில எல்லாரும் குளிச்சுகினு இருந்தப்போ நீ மட்டும் பாவாடையைத் தூக்கிச் சொருகிகினு கல்லு பொறுக்கினே. துரை ஏறி உக்கார முனை இல்லாத வழவழப்பான கல்லா வேணும்னு. திரும்பி வரும்போது ஆளுக்கு ஒரு பை கல்லு. கண்டக்டர் தூக்கிப் பார்த்துட்டு, "மலையில பலாப்பழம், தேனு எல்லாம் விட்டுட்டு இதையா வாங்கினீங்க?"ன்னு கேட்டாரு. எவ்ளோ நல்லா இருந்துதுடி அந்தக் காலம். அதுக்குள்ள இன்னாடி அவசரம் உனக்கு?

சரி, அழுகை வேண்டாம். விஷயத்துக்கு வர்றேன்.

நீ போனது மார்கழியில. மலைக்காத்தும் பனியும் சேர்ந்து ஊரே வெடவெடன்னு இருந்த நேரம். உன்னைக் கெடத்த முன்ரூம் வேணும்னு மிஷினையெல்லாம் ஒதுக்கினாங்க. தொட்டியைத் தூக்கிப் பின்பக்கம் துணி தொவைக்கிற கல்லுகிட்ட வச்சாங்க. அங்க வெயிலு எட்டிக்கூடப் பாக்காது. பந்தல் வாசல்ல வெளிச்சம் பத்தலன்னு, துரை மேல தொங்கின பல்பையும் கழட்டிகினு போனாங்க. அப்புறம் உன்னை எடுத்ததும், வழக்கம் மாதிரி வூட்ல இருந்த தண்ணியெல்லாம் கீழ ஊத்திக் கழுவி வுட்டாங்க இல்ல? குடத்துத் தண்ணி, அண்டாத் தண்ணியோட துரையோட தண்ணியும் போச்சு. யாரோ நல்ல மனசோட டேங்க் தண்ணியைப் பிடிச்சு ரொப்பி, மஞ்சளைக் கரைச்சு வுட்டு, பக்கத்துலயே சாம்பிராணியும் போட்டு வச்சாங்க. யாரையும் குத்தம் சொல்லல. சாவு வூட்ல ஆமைக்குக் குளிருமான்னு யாருக்குத் தோணும்?

துரை சாப்பாட்டை நிறுத்திடுச்சு. மீன் துண்டு போட்டாலும் கீரை போட்டாலும் திரும்பிப் பாக்கல.

உன் நாத்தனா சும்மா இருப்பாங்களா? "ஆமையை நடு வூட்ல வச்சுக் கொஞ்சினா. அதான் அவளையே வாரிகினு போயிடுச்சு"ன்னு ஆரம்பிச்சாங்க. காரியம் முடிஞ்ச கையோட கச்சிராயபாளையம் போய் கோமுகி டேம்ல வுட்டுட்டு, தலைமுழுகிட்டு வந்துடணும்னு ஏழுமலை அண்ணன்கிட்ட சொல்லிட்டாங்க. அண்ணன் வாயே தொறக்கல. உன் வூட்டுக்காரரு எப்ப வாயைத் தொறந்தாரு? அவருக்கும் சேர்த்து நீதானே பேசுவே.

மத்தவங்க வேற மாதிரி பேசினாங்க. "வாயில்லா ஜீவன் பாரேன், மல்லிகாவுக்காகப் பட்டினி கெடக்குது"ன்னு தெருவே வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு. கண்ணு ரெண்டும் வீங்கி மூடிகினு இருந்துது. அழுது அழுது வீங்கிடுச்சுன்னு சொன்னாங்க. நானும் நம்பினேன் மல்லிகா. நம்ப எனக்கு அவ்ளோ ஆசையா இருந்துது. எனக்குத் தொண்டையில சோறு இறங்கல, அதுக்கும் இறங்கல. ஊரெல்லாம் ரெண்டு நாள் அழுதுட்டு வேலைக்குப் போயிடுச்சு, நாம ரெண்டு பேரும்தான் உனக்கு மிச்சம்னு தொட்டி பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.

காரியத்துக்கு மொத நாள் காலையிலதான் அதைச் சரியாப் பாத்தேன். தண்ணி மேல மெதந்துகினு இருந்துது. இடது பக்கம் மேல தூக்கி, வலது பக்கம் தாழ்ந்து கெடந்துது. நமக்கு இன்னாடி தெரியும், ஜாக்கெட்டோட கீழ்மடிப்பு ஒரு நூல் ஏறி எறங்கினாலே கண்ணை உறுத்தும் இல்ல? அப்படித்தான் உறுத்துச்சு. கையால அமுக்கி வுட்டேன். அடிக்குப் போக முடியாம திரும்ப அதே பக்கமாச் சாஞ்சு மேல வந்துது. மூக்குல குமிழி குமிழியா சளி. கழுத்தை நீட்டி, வாயைப் பொளந்து மூச்சு இழுத்துது. காதை வச்சுக் கேட்டா, கொய்ங்னு ஒரு சத்தம். ஐயோன்னு ஆயிடுச்சு எனக்கு. துக்கத்துல கெடந்தா மெனக்கெட்டு ஒரு பக்கமா ஏண்டி சாயணும்? இது நோவுடி, நோவு!

துணிக்கூடையில லைனிங் துணியைப் பரப்பி, துரையைத் தூக்கி வச்சேன். உன் நாத்தனா குறுக்க வந்து நின்னாங்க. "எங்க எடுத்துகினு போற?"

"மாட்டாஸ்பத்திரிக்கு."

"நாளைக்கு டேம்ல வுடப் போறதுக்கு இன்னிக்கு இன்னா ஆஸ்பத்திரி? உனக்கு இன்னா கிறுக்கா?"

"ஆமாங்க, கிறுக்குதான். மூச்சு முட்டிகினு கெடக்கிறதைத் தண்ணியில தூக்கிப் போடுவீங்களா? உங்க வூட்ல யாருக்காச்சும் சளி பிடிச்சா டேம்லயா வுடுவீங்க?"

துக்க வூட்ல சத்தம் போடறேன்னு எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டுமே. நான் போய்கினே இருந்தேன்.

டவுன் பஸ்ல ஒரு அம்மா, "கூடையில இன்னா, கோழியா?"ன்னு கேட்டாங்க. ஆமைன்னு சொன்னதும் பக்கத்து சீட்டே காலி. உக்காந்து வசதியாப் போனேன், உன் துரை புண்ணியத்துல.

டாக்டரு சின்ன வயசுதான். "ஆடு, மாடு, நாய் நெறைய பாத்திருக்கேன். ஆமைக்கு வைத்தியம் பண்றது இதான் மொத வாட்டிங்க"ன்னு மறைக்காம சொன்னாரு. கூடப் படிச்சவரு யாரையோ போன்ல பிடிச்சு, போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பி, நெடுநேரம் பேசினாரு. அப்புறம் என்னைத் துருவித் துருவிக் கேட்டாரு. தண்ணி எங்க பிடிச்சீங்க, வெயிலு படுமா, பல்பு இருக்குதா, கல்லு மேல ஏறுதான்னு. நான் ஒண்ணொண்ணா சொல்லச் சொல்ல எனக்கே புரிஞ்சு போச்சு.

"நுரையீரல்ல சளி கட்டியிருக்குதும்மா. ஒரு பக்கம் ஜாஸ்தி, அதான் சாயுது. அதுக்கு நம்மள மாதிரி உடம்புல சொந்தச் சூடு கிடையாது. வெளியில சூடு கம்மியானா செரிமானம் நின்னுடும், பசிக்காது, சீக்கும் வந்துடும்"னாரு.

"எல்லாரும் ஏக்கம்னு சொல்றாங்களே சார்?"

"ஏக்கமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. இது குளுரு."

அந்த டாக்டரு மேல எனக்கு வந்துது பாரு கோவம்! உசுரைக் காப்பாத்தறவருதான், தெரியும். ஆனா உனக்காகச் சாப்பிடாம கெடந்த ஒரே ஜீவனை ஒரு வார்த்தையில பிடுங்கிட்டாரே. கண்ணுல தண்ணி முட்டிகிச்சு. ஆமைக்கு ஊசின்னதும் அழுவுறேன்னு நெனச்சுகினு, "வலிக்காதும்மா"ன்னாரு பாவம்.

ஊசியை முன்னங்கால்லதான் போடணுமாம், பின்னங்கால்ல போடக் கூடாதாம். கண்ணுக்கு மருந்து குடுத்தாரு. காத்தோட்டமான பொட்டியில காஞ்ச துணி மேல வச்சு பல்பு போட்டுச் சூடு காட்டணும். வெதுவெதுப்பான தண்ணியில மட்டும் அப்பப்போ வுட்டு எடுக்கணும், ஆழம் இருந்தா தலையைத் தூக்க முடியாம மூழ்கிடும். புகை ஆகவே ஆகாது. வாயில எதையும் திணிக்கக் கூடாது. தொட்டா சோப்பு போட்டுக் கையைக் கழுவணும். டேம்ல வுடற பேச்சைக் கேட்டதும்தான் அவரு மொகமே மாறிச்சு. இது நம்மூரு ஆமையே இல்லியாம். வெளிநாட்டு ஜாதியாம். வுட்டா அங்க இருக்கிற மீனு, ஆமைக்கெல்லாம் கெடுதல், இந்த நெலமையில இதுவும் பொழைக்காதுன்னாரு. இன்னொண்ணு, கேட்டா நீ விழுந்து விழுந்து சிரிப்பே. துரை பொட்டையாம்டி! இத்தினி வருஷம் துரை துரைன்னு கூப்பிட்டோமே.

கூடையோட திரும்பி வந்தேன். சூடு காட்ட உன் வூட்டு முன்ரூம்தான் தோதுன்னு அண்ணன்கிட்ட சொன்னேன். நாத்தனா மறுபடியும் ஆமை, தோஷம்னு ஆரம்பிச்சாங்க. அண்ணன் துண்டால மொகத்தைத் தொடச்சாரு. "அது வந்து எத்தினி வருஷம் ஆவுது? அத்தினி வருஷமும் நாங்க நல்லாத்தானே இருந்தோம்? அந்த நல்லதுக்கெல்லாம் அதுக்கு ஒரு வார்த்தை சொன்னியா? இந்த ஒண்ணுக்கு மட்டும் அது மேல ஏண்டி பழி போடறே?" தங்கச்சியைப் பாத்து அதை மட்டும் கேட்டுட்டு, நாற்காலியைப் போட்டு ஏறி, பந்தல்ல இருந்த பல்பை அவரே கழட்டியாந்தாரு. உன்னை எடுத்தப்போகூட அழாத மனுசன், பல்பை மாட்டிட்டு அது கீழ உக்காந்து ஓன்னு அழுதாரு மல்லிகா. நாத்தனா எழுந்து உள்ள போனாங்க. காபி போட்டு எடுத்தாந்து வச்சாங்க.

ஊசிக்குக் கூட்டிகினு போறதும் வர்றதுமா நாள் போச்சு. ஒரு நாள் கண்ணு தொறந்துது. ஒரு நாள் பொட்டியைப் பொறாண்டுச்சு. தண்ணியில வுட்டா சாயறது கொஞ்சம் கொஞ்சமாக் கொறஞ்சுது. நேத்து மத்தியானம் நேரா அடிக்கு முங்கி, அடியில கெடந்த மீன் துண்டை வெடுக்குனு கவ்வுச்சு. அண்ணன் கத்தினாரு பாரு, தெருவே ஓடியாந்துது.

நானும் சிரிச்சேன். சிரிச்சுகினே இருக்கும்போது நெஞ்சுல சுருக்குன்னுச்சு. பாவி, நீ இல்லாத வூட்ல எப்படி இவ்ளோ ருசியாத் திங்குதுன்னு. அது பசிக்குத் திங்குதுடி, அவ்ளோதான். குளுருச்சு, நின்னுடுச்சு. சூடாச்சு, திங்குது. அதுக்கு உன்னைத் தெரியுமோ தெரியாதோ, நான் கேக்கப் போறதில்ல. உனக்காகப் பட்டினி கெடந்தவ நான். இத்தினி நாளும் அதை அந்த வாயில்லாத ஜீவன் தலையில ஏத்தி வச்சுட்டு, எனக்கு ஒண்ணும் இல்லாத மாதிரி உக்காந்திருந்தேன்.

நேத்து சாயங்காலம் உன் அடுப்பங்கரைக்குப் போய் சோத்தைப் போட்டுகினு வந்து, தொட்டிக்கிட்ட உக்காந்து தட்டு காலியாகிற வரைக்கும் சாப்பிட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் அழுகை வந்துது, முழுங்கிட்டேன்.

இனிமே உன்னை நெனச்சு அழணும்னா நானே அழுதுக்கறேன், மல்லிகா. துரை நல்லா திங்கட்டும்.

உன் வூட்டுக்காரரை அண்ணன்னு கூப்பிட்ட உறவுல,
உனக்கு இன்னொரு நாத்தனா,
சரசு