ஜுர நோட்டு

மார்ச் 4
இந்த வருடத்து விடுதலைப் பட்டியல் ஒட்டினார்கள். மூன்று தடவை விரல் வைத்துப் படித்தேன். என் பேர் இல்லை.

மார்ச் 5
ரெக்கார்ட் கிளார்க்கிடம் போனேன். சிறைக்குள் வேலை செய்த நாட்களுக்குத் தண்டனையில் கழிவு உண்டு. இங்கே மாற்றுவதற்கு முன் இருந்த பழைய சிறையின் ஆஸ்பத்திரி வார்டில் மூன்று வருடம் உழைத்திருக்கிறேன் — அதற்கு ஒரு நாள்கூட ஏறவில்லை.

"வேலைப் பதிவேடு அங்கேர்ந்து வரலைம்மா. பேப்பர்ல இல்லைன்னா நடக்கலைன்னுதான் அர்த்தம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. அப்போ மலச்சட்டி தூக்கினது யாரு? என் ஆவியா?

பதினேழு வருடம். நான் செய்தது செய்ததுதான், ஓர் உயிர் போனது. அதில் சலுகை கேட்கவில்லை. உழைத்ததைத்தானே கேட்கிறேன்?

மார்ச் 12
தம்பி பார்க்க வந்தான். வலைக்கு அந்தப் பக்கம் தலையைச் சொறிந்துகொண்டே, "அக்கா, நீ வேலை பார்த்ததைப் பார்த்தவங்க யாராவது?" என்றான். வார்டு நர்சம்மாவைச் சொன்னேன். ரிடையராகி எங்கே இருக்கிறாரோ.

மார்ச் 20
தம்பியிடமிருந்து தகவல் இல்லை. சோற்றுத் தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 9
தம்பி நர்சம்மாவைக் கண்டுபிடித்துவிட்டான்! லாரி ஓட்டுகிறவன், போகிற இடமெல்லாம் விசாரித்திருக்கிறான்.

"அவளா? ஜுர நோட்டு பூரா அவ கையெழுத்தாச்சே!" என்றாராம் நர்சம்மா.

எனக்கே மறந்துபோயிருந்தது. காலையும் மாலையும் கட்டில் கட்டிலாக ஜுரம் பார்த்து, தேதி போட்டு எழுதியது நான்தான். வேலைப் பதிவேடு தொலைந்தால் என்ன, நோயாளிகளின் நோட்டு ஆஸ்பத்திரி பீரோவில் இருக்குமே! நர்சம்மா சாட்சிக் கடிதம் கொடுத்திருக்கிறார். மனு போட்டாயிற்று.

மே 21
விசாரணைக் குழு கூப்பிட்டது. மேஜைமேல் ஏழு நோட்டுகள். என்னை எழுதச் சொல்லி ஒப்பிட்டார்கள். 'ழ'வுக்கு வாலை நீளமாக இழுக்கிற பழக்கம் எனக்கு — அதிலேயே மாட்டிக்கொண்டேன், நல்லவேளை.

தலைவரம்மா பக்கம் புரட்டினார். "இங்க ஒரு நாள் விட்டுப்போயிருக்கே?"

"அன்னிக்கு எனக்கே ஜுரம்மா."

சிரித்துவிட்டார். கிளார்க் சிரிக்கவில்லை, பேனா மூடியைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

ஜூன் 9
மூன்று வருடத்துக்கும் கழிவு ஏறிவிட்டது. பார்த்தால் என் தண்டனை போன மாதமே முடிந்திருக்கிறதாம்! "உட்காரும்மா" என்று கிளார்க் தன் நாற்காலியையே தள்ளினார். உட்கார்ந்துதான் அழுதேன்.

ஜூன் 11
வெளியே.

ஜூன் — ?
தம்பி வீடு. "அண்ணி, இன்னிக்கு என்ன தேதி?" என்று தம்பி பெண்டாட்டி அடுப்படியிலிருந்து கேட்டாள். தெரியவில்லை. காலண்டர் உள்ளறையில் மாட்டியிருக்கிறது. எழுந்து போய்ப் பார்க்கச் சோம்பல்.