அழத் தெரியும்தானே

சனிக்கிழமை, இரவு

மாங்கேணியில் நான் நாடகம் பழக்கும் பிள்ளைகளைப் பார்க்க இன்று பாசிக்குடா ஹோட்டலிலிருந்து வெளிநாட்டு விருந்தினர் வந்தார்கள். எங்களுக்குப் பணம் தரும் நிறுவனத்தின் திட்ட அலுவலர் அவர்களுக்கு முன்பே வந்து, மீனவரைக் கரையிலிருந்து விரட்டுவதைப் பற்றிய எங்கள் நாடகம் வேண்டாம் என்றார். சுனாமிதான் வேண்டுமாம்.

"அப்ப நாங்க பிறக்கவே இல்ல சேர்," என்றாள் சுஜி. பத்தாம் வகுப்புப் பிள்ளை.

"அதுக்கென்ன? அழத் தெரியும்தானே?"

இப்படியான மனிதருக்குச் சம்பளமும் கொடுத்து வாகனமும் கொடுத்திருக்கிறார்கள்.

சுஜி மேடையேறினாள், ஆனால் அழவில்லை. அந்த அலுவலரைப் போலவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு, "கமராவப் பாத்து அழுங்க புள்ளையள்," என்று மற்றவர்களை அதட்டினாள். பார்க்க வந்திருந்த தாய்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தமிழ் தெரியாத விருந்தினர் காரணம் கேட்டார்கள். இவர்கள் துக்கத்தை இப்படித்தான் ஆற்றுவார்கள் என்று அலுவலர் கூசாமல் ஆங்கிலத்தில் விளக்கினார். விருந்தினரில் ஒரு அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூ.

பொழுதுபட்டதும் அலுவலர் எனக்குப் போன் எடுத்தார். "அந்தப் புள்ளைய நாடகத்திலருந்து நிப்பாட்டுங்க."

"அப்ப என்னையும் நிப்பாட்டுங்க சேர்," என்றேன். வைத்துவிட்டார்.

மண்டபத்தைப் பூட்டும் திறப்பு அவரிடம்தான்; இனிக் கிடைக்காது. நாளை கடற்கரையில் பழகலாம் என்று சுஜிக்குச் சொல்லி அனுப்பினேன். எந்த நாடகம் என்று கேட்டிருக்கிறாள். இன்று போட்டதுதான், வேறென்ன.