டீச்சர் கேட்ட கூடை

மார்ச் 4

கோபக்காரிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் காகிதம். நான் நலம், முழங்காலைத் தவிர. நீ உன் அக்கா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது. மரத்தைப் பிளந்து மெல்லிய பட்டையாகச் சிம்பு சீவ நான் இருக்கிறேன், கூடை முடைய யார் இருக்கிறார்கள்? நானே முடைகிறேன். சிரிக்காதே. எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. கூடை கேட்டு வந்த டீச்சர் முன்னால் ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன் என்று இப்படியா? போதும், கிளம்பி வா.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 9

வீட்டுக்காரருக்கு,

தைலம் அலமாரியின் மேல்தட்டில், நூல்கண்டுக்குப் பின்னால் இருக்கிறது.

ஏதோ ஒரு வார்த்தையா? காய்ந்ததும் டீச்சர் கூடையில் சிம்புக்குச் சிம்பு சந்து விழுந்திருந்தது, வாஸ்தவம். அதற்காக டீச்சர் பார்க்கப் பார்க்க என் கையிலிருந்து பிடுங்கி, விளிம்பிலிருந்து அடிவரை பிரித்துப் போட்டீர்கள். "இவளுக்குக் கை போச்சுங்க டீச்சர், இனிமே நானே முடைஞ்சு தரேன்" என்றீர்கள். இருபத்தெட்டு வருஷம் முடைந்த கை இது. "என்னடி, வாயே திறக்க மாட்டேங்கிற?" என்று அக்கா தினமும் கேட்கிறாள். என்னத்தைச் சொல்ல? நான் வரவில்லை.

முடைகிறவள்

மார்ச் 21

என் கண்ணே (நீ முகம் சுளிப்பது தெரிகிறது),

தைலம் கிடைத்தது.

டீச்சர் கூடையை அதே சிம்பில் நானே திரும்ப முடைந்தேன். எவ்வளவு நெருக்கியும் காய்ந்தபிறகு விரல் நுழைகிறது. தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அரைமணி நேரம் ஊற வேண்டிய சிம்பைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, தச்சர் கடைக்குக் கதையடிக்கப் போனவன் மறந்தே போனேன். மறுநாள்தான் எடுத்தேன். அப்படி உப்பிய சிம்பு காய்ந்தால் சுருங்காமல் என்ன செய்யும்? தப்பு உன் கையில் இல்லை, என் புத்தியில்.

டீச்சர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். "இதை என்கிட்ட ஏங்க சொல்றீங்க? அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார். மானம் போச்சு. போகட்டும். என்னை மன்னித்துவிடு. வராவிட்டாலும் ஒரு வரி எழுது.

உன்னவன்

மார்ச் 26

என்னவருக்கு,

எனக்கு அன்றைக்கே தெரியும். கையில் எடுத்ததுமே சிம்பு சொதசொதவென்று இருந்தது. ஆர்டர் அவசரம், நெருக்கி முடைந்து சமாளித்துவிடலாம் என்று நினைத்தது என் தப்பு. நீங்கள் பிரித்துப் போட்டபோது சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் முன்னால் உங்கள் மானம் போய்விடுமே என்று அடக்கிக்கொண்டேன். எனக்காக நீங்களும் ஒரு நிமிஷம் அப்படி நினைத்திருக்கலாம். அதுதான் இத்தனை நாள் நெஞ்சை அடைத்தது, கூடை இல்லை.

ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். நிறுத்தத்தில் நில்லுங்கள். பத்துப் பேர் இருந்தாலும் சரி, காகிதத்தில் எழுதியதை வாயால் ஒரு தரம் சொல்லுங்கள். சொன்னால் இறங்குவேன். இல்லாவிட்டால் அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

முடைகிறவள்